கதவு எண் பதினான்கு, முப்பத்தொரு மாடி

"எங்கம்மாவோட நிழலை எனக்குக் காட்டுங்க, இத்ரீஸ்ணா."

மேகலா கேட்டேவிட்டாள். வேலம்பட்டினம் மாநகரத் திட்ட ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தலைமைத் திட்ட அலுவலர் வசுந்தரா மேடம் அவளை எதிரில் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் இரண்டு தடவை சொன்னார். "இங்க என்ன வேணா கேட்கலாம். உன் வீட்டு ஆளுங்களோட நிழலைக் காட்டச் சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. எப்பவும் கூடாது."

இத்ரீஸ் நாற்காலியோடு சுழன்று திரும்பினான். நிழல் நகரத்தை ஓட்டுகிற நான்கு பேரில் அவன்தான் மூத்தவன். வயது முப்பத்தைந்து, தலைமுடி பாதி காலி.

"தாயே, மணி ஒன்பதுகூட ஆகலை. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. வேலை போனா நீ சோறு போடுவியா?"

"போடறேன். காட்டுங்க."

"எதுக்குன்னாவது சொல்லித் தொலை."

மேகலா கையிலிருந்த தாளை அவன் மேசைமேல் வைத்து விரலால் குத்தினாள். இன்றைக்கு மூன்று மணிக் கூட்டத்தில் ஒப்புதலுக்கு வரும் முதல் திட்டம். 'தென்கால்வாய் வெள்ளத்தாங்கி ஏரி. பரப்பு: நாற்பத்திரண்டு ஏக்கர். தற்போதைய நிலப் பயன்பாடு: கைவிடப்பட்ட மரக் கிடங்கு. குடியிருப்போர்: இல்லை. சுற்றுவட்டாரத்தினர் சம்மதம்: நூறு சதவீதம்.'

"இந்த 'இல்லை'ல நான் இருக்கேன்ணா. எங்கம்மா இருக்கு. இன்னிக்குக் காலையில அங்கதான் பல்லு விளக்கிட்டு வந்தேன்."

இத்ரீஸ் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

ஒரு காலத்தில் எந்த நகரத்திலும் இப்படித்தான் நடந்தது: எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை, எங்கே ஏரி என்று வரைபடம் போடுவார்கள். அறிவிப்பு ஒட்டுவார்கள். அறுபது நாள் ஆட்சேபனை. பிறகு ஒரு மண்டபத்தில் ஜனங்கள் கூடிக் கத்துவார்கள், மைக் பிடுங்கப்படும், யாராவது நாற்காலியைத் தூக்குவார்கள், திட்டம் ஆறு வருஷம் தூங்கும். அதற்குள் நகரம் தன் இஷ்டத்துக்கு நாலாபக்கமும் வழிந்துவிடும். அறுபத்திரண்டு லட்சம் பேர் வாழும் வேலம்பட்டினத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரேஷன், பஸ் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, போன் என்று ஒவ்வொருவரும் விட்டுச்செல்லும் தடயத்தை வைத்து, ஒவ்வொருவருக்கும் எந்திரத்துக்குள் ஒரு நிழல். அவர்களைப் போலவே நடக்கும், சலித்துக்கொள்ளும், பேசும். வரைபடத்தை மாற்ற நிழலைக் கேட்டால் போதும். அறுபது நாள் வேலை ஆறு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏழு வருஷமாக ஊரில் யாரும் நாற்காலி தூக்கவில்லை.

"பேரு?"

"மஞ்சுளா. மெட்ரோ டிப்போவுல ரயில் பெட்டி கழுவுறது."

திரையில் நிழல் நகரம் கீழிருந்து எழும்பியது. தென்கால்வாய் ஒரு கறுப்புக் கோடு. அதற்கு இந்தப் பக்கம் விறகுத்தொட்டி, அதாவது மேகலாவின் இடம், சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. தகரக் கூரைகளையெல்லாம் எந்திரம் 'பழைய கொட்டகைகள்' என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கம் எழில் நகர். வரிசையான மஞ்சள் வீடுகள். வீடுகளுக்கு நடுவில்...

"இது என்னதுண்ணா?"

ஐந்தாவது குறுக்குத் தெருவில் ஒரு கோபுரம் நின்றது. கண்ணாடியும் பால்கனியுமாக, பக்கத்து வீடுகளெல்லாம் அதன் முழங்காலுக்குக்கூட வராமல்.

"முப்பத்தொரு மாடி. எழில் நகர்ல இப்படி ஒண்ணு இருக்கா?"

"இல்லை! அந்த இடத்துல சேவியர் அண்ணன் ஜெராக்ஸ் கடைதான் இருக்கு. ஒரு மாடிகூட முழுசா கிடையாது."

இத்ரீஸ் கதவு எண்ணைத் தட்டினான். எண் பதினான்கு. வசிப்போர்: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.

மேகலாவுக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஜிவ்வென்று ஏறியது. பயமா சந்தோஷமா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. கணக்கு சரியாகப் பொருந்தும்போது வருகிற சிலிர்ப்பு அது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தாள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்கிறோம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"அண்ணே, அது நாங்கதான். அந்தக் கோபுரம் மொத்தமும் விறகுத்தொட்டி."

விறகுத்தொட்டி என்று முகவரி எழுதினால் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிடாது. வண்டி லோன் கிடைக்காது. பொண்ணு பார்க்க வருகிறவன் பாலத்தோடு திரும்பிப் போவான். மாத்திரை டெலிவரி பண்ணும் பையன்கூடக் கால்வாயைத் தாண்டமாட்டான். அதனால் அங்கே யாரும் அந்த முகவரியை எழுதுவதில்லை. எதிர்க்கரையில் கடை வைத்திருக்கும் சேவியர் நல்ல மனுஷன், 'என் கதவு எண்ணைப் போட்டுக்கங்கப்பா, கடுதாசி வந்தா வாங்கி வைக்கிறேன்' என்று ஒருவருக்குச் சொன்னார். ஒன்று பத்தானது, பத்து நூறானது. கரண்டு மீட்டர் பழைய மர டிப்போ பேரில் பொதுவாக ஓடியது. இரண்டு கரைக்கும் ஒரே செல்போன் டவர். எந்திரத்துக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஒரு கதவு எண்ணில் இத்தனை பேர் இருந்தால் அங்கே இத்தனை மாடி இருந்தாக வேண்டும். கட்டிவிட்டது.

"ஒரு தெருவே இப்படிப் பொய்யா எழுதுமா?" இத்ரீஸ் வாயைப் பிளந்தான்.

"எழுதினது நான்."

சொன்னபிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்த இடத்தின் கையெழுத்து அவள்தான். ரேஷன் மனு, ஆஸ்பத்திரி படிவம், கணக்கெடுப்பு, எல்லாவற்றையும் 'மேகலாகிட்ட குடு, அழகா எழுதும்' என்று நீட்டுவார்கள். கதவு எண் பதினான்கு, ஐந்தாவது குறுக்குத் தெரு, எழில் நகர். எத்தனை நூறு தடவை! ஒருத்தரைக்கூட விடாமல், ஒரு பிழைகூட இல்லாமல், மொத்த சனத்தையும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியேற்றியிருக்கிறாள்.

"உங்கம்மா பத்தொன்பதாவது மாடி," என்றான் இத்ரீஸ் மெதுவாக. "பேசறியா?"

குரல் அம்மாவுடையதேதான். மூச்சிரைப்பு மட்டும் இல்லை.

"ஏரியா? வரட்டுமே," என்றது மஞ்சுளாவின் நிழல். "ஜன்னலைத் திறந்தா நல்லா காத்து வரும். எதிர்ல அந்தக் குப்பைக் காடுதானே கிடக்கு, யாருக்கும் உதவாம."

மேகலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நூறு சதவீதம் சம்மதம். அவர்கள் வீட்டை மூழ்கடிக்க அவர்கள் நிழல்களே கை தூக்கியிருக்கின்றன, ஏரிக் காற்றுக்காக.

"இதை நிறுத்த என்ன வழி? நேராச் சொல்லுங்க."

"திட்டச் சட்டத்துல எட்டாம் பிரிவு. அந்த நிலத்துக்குள்ள ஒரே ஒருத்தர் குடியிருக்கிறதா பதிவு இருந்தாலும் 'காலி நிலம்'னு தள்ள முடியாது. அந்த ஆளோட நிழலைக் கேட்கணும். 'என்னைக் கேட்டாப் போதும்'னு நிழல் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது. 'போதாது'ன்னு சொன்னா தொண்ணூறு நாள் விசாரணை. நிஜ ஆளுங்களை, நேர்ல, அந்த இடத்துக்கே போய்."

"எத்தனை நிழல் போதாதுன்னு சொல்லியிருக்கு?"

"ஏழு வருஷத்துலயா?" இத்ரீஸ் விரலால் காற்றில் ஒரு பெரிய பூஜ்யம் வரைந்தான்.

அவள் ஏற்கெனவே பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள்.

*

விறகுத்தொட்டியில் தெருக்களுக்கு மரத்தின் பெயர்தான். ஒரு காலத்தில் எங்கே எந்த மரம் அடுக்கினார்களோ அதுவே பெயர்: தேக்கு வரிசை, வேங்கை வரிசை, சவுக்கு வரிசை. பதினொரு மணிக்கு மேகலா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது, அம்மா ஷிப்ட் முடிந்து சவுக்கு வரிசை மூன்றாவது வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மேகலா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அதற்குள் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

"பத்தொன்பதாவது மாடியா?" மஞ்சுளா கேட்டாள். "லிஃப்ட் இருக்காமா?"

"அம்மா!"

"இருடி. அங்க எனக்கு முட்டி வலி உண்டா?"

"இல்லை போலிருக்கு. மூச்சுகூட வாங்கலை."

"பார்த்தியா, என் நிழலுக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்லை," என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல, கூட்டமே சிரித்தது. மேகலாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"சிரிக்காதீங்க! இன்னிக்கு மூணு மணிக்குக் கையெழுத்துப் போடறாங்க. மழைக்கு முன்னாடி இந்த இடம் முழுக்கப் பத்து அடி பள்ளம். இழப்பீடு கிடையாது, மாற்று வீடு கிடையாது, ஏன்னா இங்க யாருமே இல்லை! போனை எடுங்க, முகவரியை மாத்துங்க. அவங்கவங்க வாசல்ல நின்னு ஒரு போட்டோ, கட்டைவிரல், முடிஞ்சுது. நிழல் இடம் மாற நாலு மணி நேரம் ஆகும். இப்பவே போடணும்."

யாரும் போனை எடுக்கவில்லை.

வேங்கை வரிசை ரூபாதான் முதலில் வாயைத் திறந்தாள். மேகலாவைவிட இரண்டு வயது சின்னவள். நர்சிங் முடித்திருந்தாள். "அக்கா, வர்ற இருபதாம் தேதி எனக்குக் கல்யாணம். அவங்க வீட்டுல நான் எழில் நகர் பொண்ணு. இன்னிக்கு மாத்தினா நாளைக்கே அவங்க போனுக்கு வந்துடும். முகவரி மாறினா எல்லா இடத்துக்கும் போகும்ல?"

"போகும்," என்றாள் மேகலா.

"அப்ப?"

"வீடே போயிடுமேடி."

"வீடு போனா வேற இடம் பார்க்கலாம். இது போனா?" ரூபாவின் குரல் உடைந்தது. உடனே கோபமாக மாறியது. "எங்களை என்னமோ பொய்க்காரங்க மாதிரி பார்க்கறே. யாருக்கா எழுதினது? என் பத்தாம் வகுப்பு படிவத்துல பதினாலாம் நம்பர்னு எழுதி, 'இப்படிப் போட்டாத்தான் மேல வருவே'ன்னு சொன்னது யாரு?"

மேகலாதான் சொன்னாள். அது உண்மையாகவும் இருந்தது. ரூபா மேலே வந்திருந்தாள்.

"நீ சம்பளக்காரி, உனக்கு என்ன!" என்று ஒருவர். "என் வண்டி லோன் அந்த முகவரியிலதான் ஓடுது," என்று இன்னொருவர். தப்பாக யாரும் பேசவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் அம்மாவும் அவளும்தான்.

"நீ?" என்றாள் மேகலா.

மஞ்சுளா முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "டிப்போ சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா ஒரே வாரத்துல ஆளை மாத்திடுவான். எனக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கு. நான் போட மாட்டேன் மேகலா. பொய் சொல்ல விரும்பலை, போட மாட்டேன்."

"சரி. போனைப் பிடி. வாசல் முழுசா தெரியணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

அம்மாவின் முகம் மாறியது. "நீ வேலைக்குச் சேரும்போது எந்த முகவரிக்குக் கையெழுத்துப் போட்டே?"

"பதினாலு."

"மாத்தினா?"

"பொய் உறுதிமொழி. வேலை போகும்."

"மெட்ரோ பெட்டி எத்தனை கழுவி உன்னைப் படிக்க வெச்சேன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியும்மா. அதான் பிடிக்கச் சொல்றேன். படிச்சது எதுக்கு, எங்கம்மாவைக் கண்ணாடி ஜன்னல்ல நிக்க வெச்சு 'குப்பைக் காடு'ன்னு பேச வைக்கவா? பிடி."

மஞ்சுளா அவளை முறைத்தாள். வாய்க்குள் ஏதோ திட்டினாள். பிறகு போனை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, மேகலா அதை நேராக்கிக் கொடுத்து, இரண்டாவது தடவையில் படம் சரியாக விழுந்தது. கட்டைவிரல் வைத்தாள். நெஞ்சு டம்டம் என்று அடித்தது. எட்டாவது படிக்கும்போது மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் கோட்டுக்குப் பின்னால் நின்ற அன்றைக்கு அடித்த மாதிரி.

'உங்கள் முகவரி ஏற்கப்பட்டது. நிழல் மறுபதிவு பிற்பகல் 3.26க்கு நிறைவடையும்.'

கூட்டம் மூன்று மணிக்கு. முதல் திட்டம் இதுதான். இருபத்தாறு நிமிஷம் இடிக்கிறது.

*

இரண்டே முக்காலுக்குக் கூட்ட அறை வாசலில் வசுந்தரா மேடம் அவளை மறித்தார். பணியாளர் பிரிவிலிருந்து செய்தி போய்விட்டிருந்தது.

"பைத்தியமா உனக்கு? மூணு மணிக்குள்ள அதை ரத்து பண்ணு. நான் எதுவும் பார்க்கலை."

"அந்தக் கோபுரம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

வசுந்தரா சுவரைப் பார்த்தார். "இந்த நகரத்துல அப்படி எத்தனை கோபுரம் இருக்கும்னு நான் எண்ணிப் பார்க்கறதில்லை. உனக்கு ஏன் அந்த விதியைச் சொன்னேன் தெரியுமா? நான் ஒரு தடவை எங்கப்பா நிழலைப் பார்த்தேன். அவர் செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. யாரும் அவர் பேரைப் பதிவுலேருந்து எடுக்கலை. வர்ற திட்டத்துக்கெல்லாம் சம்மதம் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தார்." குரலைச் சரிசெய்துகொண்டார். "அதுக்காக எந்திரத்தை உடைக்க முடியாது. இந்த வருஷம் பள்ளம் வெட்டலைன்னா தெற்கு முழுக்கத் தண்ணி. நாலு லட்சம் பேர். அவங்களும் ஜனங்கதான்."

இதை மேகலா எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது முழு அறிக்கையையும் படித்திருந்தாள், யாரும் படிக்காத பின்னிணைப்பு உள்பட.

"பள்ளம் வேணாம்னு யாரு சொன்னா? மூணு இடம் பார்த்திருக்காங்க. குதிரைப் பந்தய மைதானம் நூற்றுப்பதினெட்டு ஏக்கர், எங்களைவிடத் தாழ்வு, தண்ணி தானா போய் நிக்கும். அங்க சுத்தி இருக்கிற நிழல்ல தொண்ணூத்தாறு சதவீதம் ஆட்சேபனை. உடனே அடுத்த இடம். எந்திரம் எங்க பள்ளம்னு பார்க்கலை மேடம். எங்க வாய் இல்லைன்னு பார்த்திருக்கு."

"உள்ள போ," என்றார் வசுந்தரா. அதட்டினாரா, அனுமதித்தாரா என்று தெரியவில்லை.

ஆணையர் மூன்று அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு உறுப்பினர்கள். சுவர் முழுக்க வரைபடம். ஓரத்தில் இயக்கப் பலகைக்குப் பின்னால் இத்ரீஸ், அவளைப் பார்க்காமல் பார்த்தான். வரைபடத்தை விளக்குவது இளநிலை அலுவலரான மேகலாவின் வேலை. வழக்கமாக அதற்கு மூன்று நிமிஷம்.

"மரியாதைக்குரிய ஆணையருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்," என்று ஆரம்பித்து, பன்னிரண்டு பேரின் பெயரையும் பதவியையும் தனித்தனியாகச் சொல்லி வணங்கினாள். மூன்று ஐந்து.

"வரைபடத்தில் மஞ்சள் நிறம் குடியிருப்பு."

"தெரியும்மா," என்றார் ஒருவர்.

"ஆமாங்க சார். ஆனா இந்த மஞ்சள்ல ரெண்டு வகை. இளமஞ்சள் தனி வீடு, அடர் மஞ்சள் அடுக்குமாடி. நீலம் வணிகம். ஊதா தொழிற்சாலை. ஊதாவும் மஞ்சளும் ஒட்டி இருக்கக் கூடாது, நடுவுல பச்சை வேணும். ஏன் வேணும்னா..."

ஏன் என்று ஏழு நிமிஷம் சொன்னாள். கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடமும், ஒவ்வொரு உபபிரிவும் நாக்கில் வரிசைகட்டி வந்து நின்றன. ஒரு ஊர் எப்படி முதலில் சாலையோரம் நீளும், பிறகு எப்படி இடைவெளிகளை விழுங்கும், விழுங்க விட்டால் குழாய்க்கும் சாக்கடைக்கும் என்ன ஆகும். பேசப்பேச அவளுக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது. இந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். இதைப் படிக்கத்தான் ஆசைப்பட்டாள். ஒரு நகரத்துக்கு எந்த இடத்தில் மூச்சு வேண்டும் என்று முடிவு பண்ணுவதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது! மூன்று பதினேழு.

"விஷயத்துக்கு வாம்மா," என்றார் ஆணையர்.

"வந்துட்டேன் சார். மழைநீர்." மழைநீருக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தாள். நடுவில் தண்ணீர் குடித்தாள். மெதுவாக. வரைபடத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். இத்ரீஸ் வேண்டுமென்றே தப்பான இடத்தைப் பெரிதாக்கினான், மன்னிப்புக் கேட்டான், மறுபடி தப்பாக்கினான். யாரோ கொட்டாவி விட்டார்கள். மூன்று இருபத்தைந்து.

"போதும்," ஆணையர் கையைத் தூக்கினார். "குடியிருப்போர் இல்லை, சம்மதம் நூறு. இதுக்கு மேல என்ன? ஒப்புதல் தரலாம்ல?"

பன்னிரண்டு கைகளில் நான்கு உயர்ந்தன. ஆறு. மூன்று இருபத்தாறு. வரைபடத்தில் ஒன்றும் மாறவில்லை. சாம்பல் சாம்பலாகவே கிடந்தது. ஒன்பது கைகள். பத்து.

டிங் என்று ஒரு சத்தம்.

சாம்பலுக்கு நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரு மஞ்சள் புள்ளி.

"சார்," என்றான் இத்ரீஸ். அவன் குரல் கீச்சென்றிருந்தது. "காலி நிலத்துல ஒருத்தங்க குடியிருக்காங்க."

"யாரு?"

"இவங்கதான் சார்."

பன்னிரண்டு தலைகளும் திரும்பின. ஆணையர் வசுந்தராவைப் பார்த்தார். வசுந்தரா எழுந்து நின்று, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார்: "பணியில் சேர்ந்தபோது தவறான முகவரி கொடுத்ததால் மேகலாவின் பணி இந்த நிமிஷத்தோடு முடிகிறது. அது தனி விஷயம். எட்டாம் பிரிவின்படி இப்போ அவருடைய நிழலைக் கேட்டாகணும்."

"கேளுங்க, கேளுங்க," ஆணையர் சிரித்தேவிட்டார். "எந்த நிழல் மாட்டேன்னு சொல்லியிருக்கு?"

மேகலா இதுவரை தன் நிழலைப் பார்த்ததே இல்லை. இன்று காலைவரை அதுவும் கோபுரத்தில்தான் இருந்திருக்கும், லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டு, எதற்கும் சண்டை போடத் தேவையில்லாமல். நான்கு மணி நேரமாக எந்திரம் அதை மறுபடி பிசைந்திருக்கிறது: பொது மீட்டர், பாலத்தோடு திரும்பிய மாப்பிள்ளைகள், கைவலிக்க எழுதிய நூற்றுக்கணக்கான படிவங்கள், சவுக்கு வரிசை. என்ன வந்து நிற்கப் போகிறதோ.

"தென்கால்வாய் ஏரித் திட்டம்," என்று இத்ரீஸ் படித்தான். "உங்கள் சார்பில் உங்கள் நிழலைக் கேட்டால் போதுமா?"

அறை முழுக்க அவள் குரல் எழுந்தது.

"போதாது. எனக்கு வீடு இடிஞ்சா வலிக்காது, தண்ணி வந்தா நனையாது. என்னை ஏன் கேட்கறீங்க? வலிக்கிற ஆளைப் போய்க் கேளுங்க."

இத்ரீஸ் திரையையே பார்த்துக்கொண்டு "அல்லாவே" என்றான். மேகலாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக முட்டின. அடிப்பாவி! என்னைவிட நறுக்குன்னு பேசுறியேடி.

ஆணையர்தான் முதலில் சுதாரித்தார். முன்னால் சாய்ந்து, பரிவான குரலில் சொன்னார். "அதுக்கென்ன, ஆளே இங்கதானே நிக்குது. உட்காரும்மா மேகலா. தண்ணி குடி. உன் ஆட்சேபனை என்ன, எல்லாத்தையும் இப்பவே சொல்லு. நாங்க கேட்கறோம். ஒண்ணுவிடாம பதிவு பண்ணிக்கறோம்."

வாய்வரை வந்துவிட்டது. குதிரைப் பந்தய மைதானம், கோபுரம், அம்மாவின் முட்டி, ரூபாவின் கல்யாணம், எல்லாம். அப்போதுதான் வசுந்தராவைப் பார்த்தாள். மேடம் தலையை அசைக்கவில்லை, கண்ணைக்கூட அசைக்கவில்லை. ஆனால் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகி இறுக்கி மூடினார்.

இங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'பாதிக்கப்பட்டவர் நேரில் விசாரிக்கப்பட்டார்' என்று எழுதி நாலு மணிக்குள் கோப்பைக் கட்டி வைத்துவிடுவார்கள். ஒரு ஆள், ஒரு விசாரணை, தொண்ணூறு நாளும் காலி.

மேகலா அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"சவுக்கு வரிசை, மூணாவது வீடு, விறகுத்தொட்டி," என்றாள். "வந்து கேளுங்க சார்."

"நில்லும்மா! இரும்மா, மேகலா!"

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். உள்ளே பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. ஏதோ ஒரு நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது. கால் தானாக வேகம் பிடித்தது. தொண்ணூறு நாளைக்குள் அந்த ஒற்றைப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்துப் பேர் வந்து நிற்க வேண்டும். வராமலும் போகலாம். யார் வாசலில் முதலில் போய் உட்கார்ந்து, எதையும் எழுதாமல், பேசப் போகிறோம் என்பது படியிறங்கும்போதே முடிவாகியிருந்தது. ரூபாவின் வேங்கை வரிசைப் பக்கம் போகிற நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவள் ஓடினாள்.